கதவிடுக்கு வெளிச்சம்

போட்டோ எடுக்கக் கற்றுக்கொள்வது என்றால் வெளிச்சத்தைக் கற்றுக்கொள்வது என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். பாதிப் பாடம் இருட்டில் நடக்கும் என்று பணம் கட்டும்வரை யாரும் சொல்லவில்லை.

டெக்சஸில், ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டில் எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிடத்தில் ஒரு கம்யூனிட்டி காலேஜ். சனிக்கிழமை காலை வகுப்பு. கையில் இருக்கும் நல்ல கேமராவைத் தொடக் கூடாது. ஒரு தகர டின்னில் ஊசியால் ஓட்டை போட்டு, உள்ளே போட்டோ தாளை ஒட்டி, அதையே கேமராவாக வைத்துக்கொள்ள வேண்டும். லென்ஸ் இல்லை, பட்டன் இல்லை. ஓட்டையை மூடியிருக்கும் கறுப்பு டேப்பைப் பிரித்தால் படம் ஆரம்பம். திரும்ப ஒட்டினால் முடிவு. பிறகு சிவப்பு விளக்கு மட்டும் எரியும் அறையில் அந்தத் தாளை மருந்துத் தண்ணீரில் போட்டால் உருவம் வரும். கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் வரும் அதைப் போனில் திருப்பிப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். இவ்வளவுதான் தொழில்.

இனி, தூங்குகிற குழந்தையின் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்திருக்கிறவர்கள் மட்டும் மேலே படியுங்கள். நீங்கள்தான் என் ஆட்கள். மற்றவர்களுக்கு இது புரியாது; புரியாமலே இருக்கட்டும்.

கொல்லைப்புறச் சத்தம்

முதல் வாரமே அந்தச் சத்தம். இருட்டிய பிறகு, கொல்லைப்புறத்திலிருந்து. தகரத்தை யாரோ நகத்தால் சுரண்டுகிற மாதிரி. நிற்கும், பிறகு மறுபடியும் சுரண்டும். என் கணவர் செந்தில் ஹூஸ்டனில் ஒரு ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவர்; அன்றைக்கு வேலை இழுத்துவிட்டது. வீட்டில் நானும் இரண்டரை வயது மித்ராவும் மட்டும். அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டேன். இன்னொரு கையில் குடை. குடையால் என்ன செய்யப் போகிறேன் என்று அப்போது தோன்றவில்லை.

கண்ணாடிக் கதவு வழியாக டார்ச் அடித்தால், ஒப்போசம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், பெருச்சாளிக்குப் பெரியப்பா மாதிரி இருக்கும். சூரியன் போகும் பாதையை ஒரு வாரம் படம் பிடிப்பதற்காக நான் வேலியில் கட்டியிருந்த டின்னைக் கீழே தள்ளி, மூடியைக் கழற்றி, உள்ளே தலையை விட்டிருந்தது. அது நெய் டின். நம் வழக்கப்படி வெந்நீர் ஊற்றி அலசிவிட்டுப் போதும் என்று விட்டிருந்தேன். எனக்கு மணம் தெரியவில்லை, அதற்குத் தெரிந்திருக்கிறது. சனிக்கிழமை வகுப்பில் எல்லாரும் சூரியக் கோடுகளை எடுத்து வைக்க, நான் பல் பதிந்த தாளை வைத்தேன். எங்கள் வாத்தியார் டைலருக்கு என்னைவிட நாலு வயது குறைவு, தலைமுடி நீலம். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கேமரா தொலைஞ்சு போச்சு, உடைஞ்சு போச்சுன்னு வந்திருக்காங்க. மிருகம் நக்கிட்டுப் போயிடுச்சுன்னு வந்த முதல் ஆள் நீங்கதான்."

பத்தாம் நம்பர் ஊசி

இந்தக் கேமராவுக்கு உயிர் அந்த ஓட்டைதான். பிசிறு இருந்தால் படம் மங்கும். குளிர்பான டப்பாவிலிருந்து சின்னச் சதுரம் வெட்டி, பத்தாம் நம்பர் தையல் ஊசியின் முனையால் லேசாக அழுத்தி, பின்பக்கம் எழும்பும் மேட்டை உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி அழுத்தி, மறுபடி தேய்க்க வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் தகட்டைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு மட்டும் கை தானாகப் போயிற்று. பாளையங்கோட்டை கான்வென்ட்டில் ஐந்தாம் வகுப்பிலிருந்து தையல் பீரியட். எங்கள் சிஸ்டர் பூவேலையின் முன்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார். துணியைத் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார். ஒரு முடிச்சு தெரிந்தாலும் முழுவதும் பிரிக்க வேண்டும். ஊசியைப் பிடித்தால் இன்றைக்கும் முதுகு நேராகிவிடுகிறது.

பக்கத்து மேசையில் ஹேங்க். முப்பது வருஷம் எண்ணெய் ஆலைகளுக்குக் குழாய் வரைபடம் போட்டு ரிட்டயர் ஆனவர். பூதக்கண்ணாடியை எடுத்து என் ஓட்டையைப் பார்த்தார். தன்னுடையதைப் பார்த்தார். திரும்ப என்னுடையதைப் பார்த்தார். "நான் லேசர்ல போட்டதை விலைக்கு வாங்கினேன், உன்னோடது அதைவிட வட்டமா இருக்கு. யாரும்மா உன்னை இவ்வளவு பயமுறுத்தி வளர்த்தது?"

ஜன்னலில் தகடு

கழுவும் வேலையைக் காலேஜின் இருட்டறையிலேயே முடித்துவிடலாம். எல்லாரும் அங்கேதான் செய்தார்கள். எனக்கு அது ஆகாது. வகுப்பறையில் நான் ஜன்னலோரத்து மேசையைப் பிடித்து வைத்திருந்தேன். வெளியே புல்வெளியில் செந்திலும் மித்ராவும் மூன்று மணி நேரமும் என் கண்ணில் படும்படி விளையாடுவார்கள். மழை வந்தால் காரை ஜன்னலுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்துவார். இருட்டறைக்கு ஜன்னல் கிடையாது. ஆகவே வீட்டு மாடி பாத்ரூமை இருட்டறை ஆக்கினேன். ஜன்னலுக்குச் சமையலறை அலுமினியத் தாளை ஒட்டினேன். சப்பாத்தி சுற்றுகிற அதே தாள்.

நாலாம் நாள் குடியிருப்புச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது: ஜன்னலில் தகடு ஒட்டுவது விதிக்குப் புறம்பு. எதிர்வீட்டு லிண்டாதான் சொல்லியிருப்பாள் என்று எனக்குள் ஒரு கோபம். கறுப்புத் துணி தைத்து மாட்டி, வெளிப்பக்கம் தெரிய வெள்ளைத் திரை போட்டேன். மறுநாள் லிண்டாவே தட்டில் கேக்கோடு வந்து நின்றாள். கடிதத்தைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. "தகடு ஒட்டினா காலி வீடுன்னு அர்த்தம். நீங்க சொல்லிக்காம போயிட்டீங்களோன்னு ரெண்டு நாளா எனக்கு மனசே சரியில்லை."

வாயில்லாத ஆன்ட்டி

ஆளைப் படம் எடுக்கும் பாடம் வந்தது. டெக்சஸ் வெயிலிலேயே இரண்டு நிமிஷம் அசையாமல் உட்கார வேண்டும். நாலு வீடு தள்ளியிருக்கும் கமலா ஆன்ட்டி நான் கேட்பதற்குள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்துவிட்டார். மயிலாப்பூர்க்காரர், இந்தப் பக்கம் வந்து இருபத்தைந்து வருஷம். பேசக் கூடாது ஆன்ட்டி, மூச்சை மட்டும் விடுங்கள் என்றேன். தலையாட்டினார். டேப்பைப் பிரித்தேன். அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது, ஹில்கிராஃப்ட் தெரு இந்தியக் கடையில் வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்ததற்குக் கடைக்காரப் பையன் முறைத்ததை ஆரம்பித்தார். உடம்பு சிலை மாதிரி இருந்தது. வாய் மட்டும் இரண்டு நிமிஷமும் நிற்கவில்லை.

கழுவிப் பார்த்தால் நாற்காலி வந்திருந்தது. புடவைக் கரை, மூக்குத்தி, மடியில் கோத்த விரல்கள் எல்லாம் துல்லியம். மூக்குக்குக் கீழே வாய் இருக்க வேண்டிய இடத்தில் பனிமூட்டம். இந்தக் கேமராவில் நிற்பதுதான் நிற்கும், அசைவது கரைந்துவிடும் என்று டைலர் சொல்லியிருந்தது அப்போதுதான் உறைத்தது. கோபித்துக்கொள்வாரோ என்று பயந்துகொண்டே காட்டினேன். ஆன்ட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். "இதை அப்படியே நியூ ஜெர்சிக்கு எங்காத்து மாட்டுப்பொண்ணுக்கு அனுப்பிடு வித்யா. அம்மா பேசாம இருக்கான்னு ஒரு நாளாவது அவ நிம்மதியா இருக்கட்டும்."

இடப்பக்கத்துச் சாம்பல்

என் படங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு வியாதி இருந்தது. இடப்பக்கம், மேலிருந்து கீழ்வரை, ஒரு சாம்பல் பட்டை. ஆன்ட்டி படத்தில் அது வேலியில் விழுந்ததால் தப்பித்தேன். டின்னை மாற்றினேன், டேப்பை மாற்றினேன், ஓட்டையைப் புதிதாகப் போட்டேன். பட்டை போகவில்லை. இதெல்லாம் சாக்கு; காரணம் எனக்குத் தெரியும். டைலரிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

மித்ரா முப்பத்தோரு வாரத்தில் பிறந்தவள். ஐந்து வாரம் கண்ணாடிப் பெட்டியில் இருந்தாள். மூச்சு விட மறந்துபோவாள், மெஷின் கத்தும், நர்ஸ் வந்து உள்ளங்காலை நிமிண்டுவார், ஞாபகம் வந்து மூச்சு விடுவாள். வீட்டுக்கு வந்த அன்றைக்கே செந்திலிடம் சொல்லி எல்லாக் கதவுப் பூட்டுகளிலும், பூட்ட முடியாதபடி, டேப் ஒட்டவைத்தேன். வீட்டில் எனக்கும் அவளுக்கும் நடுவில் அன்றிலிருந்து ஒரு கதவும் சாத்தப்பட்டதில்லை. குளிக்கும்போதும் இல்லை. அவளுக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லி ஒன்றரை வருஷம் ஆகிறது. டாக்டர் சொன்னது காதில் விழுந்தது, கையில் இறங்கவில்லை. ஆகவே இருட்டறையிலும் கதவை நாலு விரல் திறந்து வைத்துத்தான் தாளைக் கழுவினேன். அந்த நாலு விரல் வெளிச்சம்தான் பட்டை.

டைலர் என் ஆறு படங்களையும் வரிசையாக மேசையில் பரப்பி, பட்டைகளின் மேல் ஸ்கேலை வைத்தார். எல்லாம் ஒரே அகலம். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். புல்வெளியில் மித்ரா அவள் அப்பாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள். டைலரும் அங்கே பார்த்தார். ஸ்கேலை எடுத்து உள்ளே வைத்தார். "இது கேமராவோட தப்பு இல்லை. கோர்ஸ் முடியறதுக்குள்ள பட்டை இல்லாம ஒரே ஒரு படம் குடுங்க, போதும்."

அக்காவிடம் ஒரு கேள்வி

கடைசிப் பாடம், ஒரு மணி நேரத்தை ஒரே தாளில் பிடிப்பது. ஹேங்க் மெழுகுவர்த்தி எரிந்து கரைவதை எடுக்கப் போகிறாராம். இன்னொரு பெண் ஃப்ரீவேயில் ஓடும் கார்களை. எங்கள் வீட்டில் ஒரு மணி நேரம் ஒரே இடத்தில் இருப்பது ஒன்றே ஒன்று: மத்தியானம் ஜன்னலோரக் கட்டிலில் தூங்கும் மித்ரா. ஆன்ட்டியின் வாய் ஞாபகம் வந்தது. அசைவது கரையும் என்றால், மித்ராவின் நெஞ்சு? ஏறி இறங்குகிற நெஞ்சு பனிமூட்டமாக வர வேண்டும். கட்டில் கம்பியும் தலையணையும் நிற்க, மூச்சு மட்டும் கரைந்து தாளில் பதிய வேண்டும். இரண்டரை வருஷமாக விரல் வைத்துப் பார்த்ததை ஒரு தடவை கண்ணால் பார்க்கலாம். அன்று மத்தியானம் பாத்திரம் கழுவும்போது இது தோன்றியது. குழாயை மூடவே மறந்துவிட்டேன்.

ஆனால் தூங்குகிற பிள்ளையைப் படம் எடுக்கக் கூடாது என்பது ஊரில் எங்கள் வீட்டுச் சட்டம். காரணம் கேட்கக் கூடாது. கேட்டால் ஆயுசு குறையும் என்று முனகுவார்கள். இத்தனை வருஷத்தில் போனில்கூட நான் எடுத்ததில்லை. படித்தவள், கான்வென்ட்டில் சயின்ஸ் கிளப் செக்ரட்டரி, இருந்தாலும் பயம். நாகர்கோவிலில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டேன். எடுத்த எடுப்பில் வேண்டாம் என்றாள். கிளிக் என்று எடுத்துவிட்டுப் போகிற படம் இல்லை இது, ஒரு மணி நேரம் டின்னோடு நானும் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று விளக்கினேன். அந்தப் பக்கம் குக்கர் இரண்டு விசில் அடித்தது; அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "ஒரு மணி நேரம் புள்ளைய வச்ச கண் வாங்காம பாத்துக்கிட்டு இருக்கதுக்குப் பேரு போட்டோவாட்டி? நாம அதைக் காவல்னுல்லா சொல்லுவோம். சரி, எடு."

இரண்டு தோல்விகள்

முதல் நாள் டின்னைக் கட்டிலுக்கு ஒரு அடி தள்ளி ஸ்டூலில் வைத்து, டேப்பைப் பிரித்துவிட்டு, பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். மித்ரா ஒரு மணி நேரமும் மல்லாந்தே கிடந்தாள், புரளவில்லை. இப்படி ஒரு அதிர்ஷ்டம் மறுபடி வராது என்று எழுந்து, பாத்ரூமில் கதவை நாலு விரல் திறந்து வைத்துத் தாளைக் கழுவினேன். கால்கள் வந்தன. முகம் வந்தது. சாம்பல் பட்டை சரியாக அவள் நெஞ்சின் மேல் விழுந்திருந்தது. எதைப் பார்க்க எடுத்தேனோ அதை மட்டும் மறைத்துக்கொண்டு.

அடுத்த வாரம் மறுபடி எடுத்தேன். இந்தத் தடவை செந்திலைக் கீழே மித்ராவோடு இருக்கச் சொல்லிவிட்டு, மனதைக் கல்லாக்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன். சாத்தினேன் என்றால் சாத்தினேன், அவ்வளவுதான். பூட்டின் மேல் டேப் இன்னும் இருந்தது. தாள் தொட்டியில் விழுந்து இருபது வினாடி. உருவம் லேசாகக் கிளம்பிய நேரம் கதவு படார் என்று திறந்து, மாடி வெளிச்சம் மொத்தமும் உள்ளே வந்தது. நடுவில் மித்ரா. "அம்மா, வாட் ஆர் யூ டூயிங்?" என்று கேட்டாள். தாள் என் கண்ணெதிரே கறுத்துப் போயிற்று. நான் தொட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டேன். பின்னாலேயே மூச்சு வாங்க ஓடி வந்த செந்தில் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "என் கைலேருந்து நழுவி, பதினாலு படி ஏறி, எம்பி ஹேண்டிலைப் பிடிச்சுத் திறந்திருக்கா. எனக்குத்தான் மூச்சு வாங்குது வித்யா, அவளுக்கு இல்லை."

தாழ்ப்பாள்

மூன்றாவது தடவை எடுத்தது இதோ மேசையில் காய்ந்துகொண்டிருக்கிறது. வீடு தூங்கிவிட்டது, அதைப் பார்த்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன். கட்டில் கம்பிகள் கூர்மையாக வந்திருக்கின்றன. தலையணையின் மடிப்பு, அதன்மேல் விரிந்த ஒரு கை, நகங்கள்கூட. நெஞ்சும் வயிறும் இருக்கிற இடத்தில் சட்டையின் கோடுகள் இல்லை. கோடு போட்ட சட்டைதான் போட்டிருந்தாள். அந்தக் கோடுகள் தோளிலும் கையிலும் இருக்கின்றன, நடுவில் கரைந்துபோயிருக்கின்றன. ஒரு மணி நேரத்து மூச்சு அது. எத்தனை என்று நான் எண்ணவில்லை. பட்டை இல்லை.

எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை வகுப்பு முடிந்து வரும்போது செந்தில் வழியில் ஒரு கடையில் நிறுத்தி, ஊரில் இருக்கிற மாதிரி இரும்புத் தாழ்ப்பாள் ஒன்று வாங்கி வந்தார். மித்ராவுக்கு எட்டாத உயரத்தில், பாத்ரூம் கதவின் உட்பக்கம் பொருத்தினார். மத்தியானம் மித்ரா தூங்கும்போது படம் எடுத்தாயிற்று; கழுவ எத்தனை நிமிஷம் என்று கேட்டார். பத்து என்றேன். கீழே போகாதீர்கள், கதவுக்கு வெளியே உட்கார்ந்து சத்தமாகப் பேசிக்கொண்டே இருங்கள் என்று கேட்டுக்கொண்டேன். பாவம், பேச விஷயம் கிடைக்காமல் சலவை சோப்பு டப்பாவில் இருந்ததை மித்ராவுக்கு உரக்கப் படித்துக் காட்டினார்.

உள்ளே சிவப்பு விளக்கு. தாள் இன்னும் கறுப்பு உறைக்குள். கதவைச் சாத்திவிட்டேன், கை தாழ்ப்பாளில் இருக்கிறது, தள்ள முடியவில்லை. வெளியே சோப்பு டப்பா வாசிப்பு நின்றது. ஹேண்டில் இறங்கியது, கதவு ஒரு சாண் திறந்தது, மித்ராவின் முகம் சிவப்பாக எட்டிப் பார்த்தது. தொட்டிகளைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள், மேலே விளக்கைப் பார்த்தாள். அம்மா பிஸியா என்று கேட்டாள். ஆமாம்டா செல்லம், பத்து நிமிஷம் என்றேன். எனக்கே கேட்காத குரலில்தான் சொன்னேன், அவளுக்குக் கேட்டிருக்கிறது. இரண்டு கையாலும் ஹேண்டிலைப் பிடித்து இழுத்து, கதவை அவளே சாத்தினாள். கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, பெரிய மனுஷி மாதிரி, அப்பாவிடம் சொல்வது கேட்டது: "அம்மா பிஸி. கம், அப்பா, வீ கோ டவுன்."

இரண்டரை வருஷமாக நான் திறந்தே வைத்திருந்த கதவை அவள் இரண்டு வினாடியில் சாத்திவிட்டுப் படியிறங்கிப் போன பிறகு, உள்ளே தாழ்ப்பாளைப் போட்டுக்கொள்வதைத் தவிர எனக்கு வேறு வேலை இருக்கவில்லை.